ஒரே நேரம் சொன்ன மூன்று வாட்சுகள்

ஆடி பிறக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கத் தொடங்கிவிட்டது. போத்தனூரில் எங்கள் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் பக்கத்து வீட்டு மாடியில் கிடக்கிறது. இந்தக் காற்று வந்தால் பின்னாலேயே பள்ளி விளையாட்டுப் போட்டிகளும் வந்துவிடும். ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியைக்கு இது பொல்லாத காலம். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பால்காரர் கேட்டிலிருந்து படி வரை நடக்க எவ்வளவு நேரம் என்று பார்க்கிறேன். இட்லி வேக எவ்வளவு நேரம் என்று பார்க்கிறேன். வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு என் ஸ்டாப்வாட்சை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டார்.

இந்த ஆண்டு முதல்முறையாக முடிவுக் கோட்டில் வாட்ச் பிடித்து நிற்கப்போகிறீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாட்சை எப்படிப் பிடிப்பது, எப்போது அமுக்குவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதைத் திரும்பச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. பயிற்சியில் சொல்லாத ஒன்று இருக்கிறது. அது போன வருடம் எனக்குத் தெரியவந்த விதம் கொஞ்சம் கசப்பானது.

அவிநாசிப் பக்கம் ஒரு பள்ளி மைதானம். எங்கள் மாவட்டம் இல்லை. வெளியாள் ஒருவர் சீஃப் டைம்கீப்பராக இருந்தால் சண்டை குறையும் என்று பக்கத்து மாவட்டத்திலிருந்து என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கோட்டைத் தொடும் கணத்தைப் படம்பிடித்து நேரம் சொல்லும் கேமரா எல்லாம் மாநிலப் போட்டிக்குத்தான் வரும். மாவட்டப் போட்டியில் நம் கட்டை விரல்தான் கேமரா.

காலையில் தண்ணீர் டிரம் பக்கத்தில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்ணின் பெயர் மகேஸ்வரி. ஒன்பதாம் வகுப்பு. தாராபுரத்தைத் தாண்டி உள்ளே ஒரு சின்ன ஊர். அம்மா தேங்காய்க் களத்தில் வேலை செய்பவர், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மகளோடு வந்திருந்தார்.

"ஏனுங்க மிஸ்ஸு, பதிமூணரைக்குள்ள ஓடுனா ஆஸ்டல்ல சேத்துக்குவாங்களாமா?" என்று அந்த அம்மா கேட்டார்.

அரசு விளையாட்டு விடுதியைத்தான் கேட்டார். நூறு மீட்டருக்கு அந்த வருடம் அவர்கள் கேட்டிருந்த நேரம் பதின்மூன்றரை விநாடி. மாவட்டப் போட்டியில் பதிவான நேரம் அதற்குள் இருந்தால் தேர்வுக்கு அழைப்பு வரும். மெடலை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு மாவட்டத்தில் முதலாவதாக வருபவள் இன்னொரு மாவட்டத்தில் ஐந்தாவதாக வரலாம். யார் முந்தினார் என்பது கண்ணுக்குத் தெரியும். எவ்வளவு வேகம் என்பது வாட்சுக்கு மட்டும்தான் தெரியும். நம் வேலைக்கு இருக்கும் ஒரே மரியாதை அதுதான்.

"ஆமாங்க, எடுத்துக்குவாங்க" என்றேன். "பிராக்டீஸ் எல்லாம் நல்லா பண்ணியிருக்குதா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கீங்க மிஸ்ஸு! பொழுதோட பஸ்ஸ உட்டுப்போட்டா ஊருக்கு வேற வழி இல்லீங்க. பள்ளிக்கோடம் உட்டதும் மத்த புள்ளைங்க கிரவுண்டுல ஓடறாங்க. இவ பஸ்ஸுக்கு ஓடறா."

விடுதி கிடைத்தால் அந்தப் பெண் பஸ்ஸுக்காக ஓட வேண்டியதில்லை. பயிற்சி, சாப்பாடு, படிப்பு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. பேசும்போது ஒரு இடத்தில் நிற்கவில்லை. குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தாள். என்னைப் போல ஒருத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் இடத்துக்கு மூன்று வாட்சுகள் வைத்திருந்தோம். பிடித்தவர்கள் மூன்று பேர். ஒருவர் அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த மூத்த உடற்கல்வி ஆசிரியர். அவரை நான் பெரிய சார் என்றே சொல்கிறேன். மற்ற இருவர் சதீஷும் நித்யாவும். இரண்டு பேருமே வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவர்கள், இரண்டு பேருமே பள்ளியில் பெரிய சாரிடம் விளையாட்டுப் பழகியவர்கள். டைம்கீப்பர்கள் நிற்கும் படிக்கட்டு ஸ்டாண்டில் சாருக்கு மேல்படி. வெயில் படாமல் இருக்க சதீஷ் ஒரு குடைகூடக் கட்டி வைத்திருந்தான்.

பையன்கள் ஓட்டம் முதலில் நடந்தது. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் மேல்படியிலிருந்து சார் நேரத்தைச் சொல்வார். "எனக்கும் அதேதானுங்க" என்று கீழ்ப்படிகளிலிருந்து பதில் வரும். முதல் தடவை கேட்டபோது நல்ல கூட்டணி என்று நினைத்தேன். அடுத்த தடவையும் அதேதான் என்றதும் என் பாதத்தில் எறும்பு ஊறுகிற மாதிரி இருந்தது. மூன்று மனிதர்களின் கட்டை விரல் எப்போதாவது ஒத்துப்போகலாம். ஒவ்வொரு முறையும் ஒத்துப்போக அவை ஒரே கையில் இல்லையே.

மகேஸ்வரியின் தகுதிச் சுற்று வந்தது. ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் கிளாப்பர் பலகைகள் டப்பென்று அடித்தன. ஐம்பது மீட்டர் வரை கூட்டத்தோடுதான் வந்தாள். அதற்குப் பிறகு மற்றவர்கள் எல்லாரும் ஏதோ நினைத்து நின்றுவிட்ட மாதிரி அவள் மட்டும் முன்னால் வந்தாள். கோட்டைத் தாண்டியும் நிற்காமல் வேலி வரை போய்விட்டாள். வேலிக்கு வெளியே பஸ் நிற்கிறதோ என்று நான் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"பதிமூணு ஆறு" என்றார் பெரிய சார்.

"எனக்கும் ஆறுதானுங்க சார்" என்றான் சதீஷ்.

"சேம்ங்க சார்" என்றாள் நித்யா.

பதின்மூன்று புள்ளி ஆறு. விடுதிக்கு ஒரு துளி போதாது. என் கண்ணுக்கு அந்த ஓட்டம் ஆறு மாதிரித் தெரியவில்லை. ஆனால் என் கண்ணை யார் கேட்டார்கள்? நான் ஸ்டாண்ட் பக்கம் போய்க் கையை நீட்டினேன்.

"மூணு வாட்சையும் காட்டுங்க."

சாரின் வாட்சில் பதின்மூன்று ஆறு இருந்தது. நித்யாவின் வாட்சில் பூஜ்யம். சதீஷின் வாட்சிலும் பூஜ்யம்.

சீஃப் சொல்லும் வரை வாட்சை அழிக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. "யாரு அழிக்கச் சொன்னது?" என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வேலிப் பக்கம் நின்றிருந்தவர்கள் திரும்பினார்கள்.

சதீஷ் தரையைப் பார்த்தான். "எனக்கு நாலுங்க மிஸ்" என்றான். "பதிமூணு நாலு."

"எனக்கும் நாலுதானுங்க" என்றாள் நித்யா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்புறம் எதுக்கு ஆறுன்னு சொன்னீங்க?"

"சார் மொதல்லயே ஆறுன்னு சொல்லிப்போட்டாருங்க" என்றான் சதீஷ். "நாம ரெண்டு பேரும் நாலுன்னா, சாருக்குக் கை ஓடலைன்னு மைக்குல சொன்ன மாதிரி ஆயிருமுங்க. வாட்சுல நாலு கெடந்தா யாராச்சும் பாத்துருவாங்கன்னு அழிச்சுப்போட்டோமுங்க."

நினைத்துப் பாருங்கள். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. யாருக்கும் ஒரு லாபமும் இல்லை. தங்கள் சாரின் முகம் வாடக் கூடாது என்று இரண்டு நல்ல பிள்ளைகள் காலையிலிருந்து தங்கள் கண்ணில் பட்டதை அழித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இந்தத் தப்பை வேறு ஊர்க்காரர்கள் செய்வார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். நாம்தான் திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத் திட்டுகிறவர்கள் ஆயிற்றே. நம் ஊர் மரியாதை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதில்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் வாட்சுக்கு 'ங்க' தெரியாது. அதற்கு நீங்கள் கற்றுக்கொடுக்கவும் கூடாது.

பெரிய சார் ஸ்டாண்டிலிருந்து மெதுவாக இறங்கினார். முகம் கறுத்துப் போயிருந்தது. "அம்மணி, தப்பு என்ற மேலதான். எனக்குக் கையி முன்ன மாதிரி இல்ல. புள்ளைங்க சொல்றதயே எழுதிக்கோங்க. நாலுன்னே போட்டுருங்க" என்றார்.

மகேஸ்வரியின் அம்மா அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார். அவருக்கு முழுதாகப் புரியவில்லை. நாலு என்றால் மகளுக்கு நல்லது என்பது மட்டும் புரிந்தது. "எழுதிக்கோங்க மிஸ்ஸு" என்றார். குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு மகேஸ்வரி என் கையில் இருந்த பேனாவையே பார்த்தாள்.

வேலிக்கு அப்பால் இன்னொரு பள்ளியின் ஆசிரியர் இருந்தார். அவர் கத்தினார்: "ஞாவகத்துல இருக்கறத எழுதுவீங்கன்னா எங்க புள்ளைக்கும் எழுதுங்க. எங்க புள்ளைக்கு டைம் பாத்தவருக்கும் ஞாவகம் நல்லாத்தானுங்க இருக்குது!"

அவர் கேட்டதில் தப்பே இல்லை.

சதீஷும் நித்யாவும் சொன்னதை நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அந்தப் பெண் பதின்மூன்று நாலில்தான் ஓடினாள். ஆனால் என் முன்னால் இருந்த மூன்று வாட்சுகளில் எண் காட்டிய வாட்ச் ஒன்றுதான், அது ஆறு என்றது. சற்று முன் சாருக்காக ஆறு என்று சொன்னார்கள். இப்போது இந்தப் பெண்ணுக்காக, சார் சொல்லிவிட்டார் என்பதற்காக, நாலு என்று எழுதினால் அதுவும் இன்னொரு மரியாதைதான். நாளைக்கு யாரோ ஒரு பெரிய மனிதரின் மகளுக்காக இதே வாயால் என்னிடம் மூன்று என்று சொல்வார்கள். அப்போது நான் எந்த முகத்தோடு வேண்டாம் என்பேன்?

ஆறு என்றே எழுதினேன்.

"கண்ணு, இங்க வா" என்று மகேஸ்வரியைத் தள்ளிக் கூட்டிப்போனேன். "நீ நாலுலதான் ஓடுன. அதை இவங்க தொலைச்சுப்போட்டாங்க. ஃபைனல் இருக்குது. இன்னொருக்கா ஓடிக் காட்டு. இந்தவாட்டி தொலையாம நான் பாத்துக்கறேன்."

அவள் தலையாட்டினாள். பிறகு மைதானத்தின் மேற்கு மூலையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மேடையில் கட்டியிருந்த கொடி மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அந்த மைதானத்தில் நூறு மீட்டர் மேற்கு நோக்கித்தான் ஓட வேண்டும். ஆடிக் காற்று காலையில் தூங்கும். வெயில் ஏற ஏற எழுந்து உட்காரும். மதியத்தில் ஓடுகிறவர்களின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். மகேஸ்வரி ஒல்லி. காற்று எழுவதற்குள் ஃபைனல் நடந்தாக வேண்டும்.

போட்டியை நடத்தியவர் அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியர். பிள்ளைகள் இளைப்பாற வேண்டிய நேரம் முடிந்ததும் அவரிடம் போனேன். "சார், பொண்ணுங்க நூறு மீட்டர் ஃபைனல இப்பவே உட்டுருவோமுங்க."

"கொஞ்சம் பொறுங்க டீச்சர். சீஃப் கெஸ்ட்டு கெளம்பிட்டாருங்க. நூறு மீட்டரு அவரு முன்னாலதான் ஓடோணும்னு ஏற்பாடுங்க" என்றார்.

சீஃப் கெஸ்ட் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். மேடைக்கும் பந்தலுக்கும் அவர்தான் கொடுத்திருந்தார். கிளம்பிவிட்டார் என்றால் குளிக்கப் போயிருக்கிறார் என்று அர்த்தம். நான் திரும்பி வந்தேன். ஒரு சுற்று நடந்தேன். கொடி படபடத்தது. மறுபடி போனேன். "திருப்பூரத் தாண்டிட்டாருங்களாமா" என்றார்கள். மறுபடி நடந்தேன். லேன் போட்டிருந்த சுண்ணாம்புப் பொடி காற்றில் புகைந்து எழுந்தது. பந்தல் துணி பையைப் போல உப்பியது. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

மூன்றாவது முறை போனபோது நன்றாகச் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "ஏனுங்க சார், வரவேத்து மாலை போட நீங்க இருக்கறீங்க. டைம் பாக்க நானு இருக்கறேன். ரெண்டு பேரும் அவிய அவிய சோலியப் பாப்போமுங்க. அவரு வந்ததும் நானூறு மீட்டர் காட்டலாமுங்க, அது நெறைய நேரம் ஓடும், மனுசன் நல்லாப் பாப்பாரு." அவர் வாயைத் திறப்பதற்குள் ஸ்டார்ட்டருக்குக் கை காட்டிவிட்டேன். மரியாதையை ஆயுதமாக வைத்துக்கொள்ள எனக்கும் தெரியும்.

ஸ்டாண்டுக்கு வந்தபோது பெரிய சார் தன் வாட்சை என்னிடம் நீட்டினார். "வேற யாரையாச்சும் நிக்க வெய்யிங்க அம்மணி. நானு ஒதுங்கிக்கறேன்."

"எதுக்குங்க?" என்றேன். "மூணு வாட்ச்சு வெக்கறதே அதுக்குத்தானுங்க சார். ஒரு வெரல் அசந்தா மத்த ரெண்டும் முழிச்சிருக்கோணும். நீங்க நில்லுங்க. ஆனா கடைசீல சொல்லுங்க."

இதைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று வாட்ச் என்பதே மூத்தவரைக் காப்பாற்றும் ஏற்பாடு. ஒருவருக்கு விரல் தாமதித்தாலும் மற்ற இருவரின் நேரம் நிற்கும், யாரையும் யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் உங்கள் எண்ணை மறைத்தால் அவருக்கு மரியாதை செய்யவில்லை, அவரைத் தனியாக மாட்டிவிடுகிறீர்கள். சதீஷிடமும் நித்யாவிடமும் சொன்னேன்: "வாயத் தொறக்கக் கூடாது. வாட்சை எனக்கு நேரா நீட்டுங்க. சின்னவங்க மொதல்ல."

ஃபைனல் தொடங்கியது. காற்று எழுந்து உட்கார்ந்திருந்தது மட்டுமில்லை, நடக்கவே ஆரம்பித்துவிட்டது. மகேஸ்வரி எடுத்த எடுப்பிலேயே நன்றாகப் பாய்ந்தாள். பாதித் தூரத்தில் முன்னால் வந்தாள். அதற்குப் பிறகு அவளுடைய சட்டை முதுகுப்பக்கம் புடைத்துக்கொண்டு அவளைப் பின்னால் இழுத்தது. பற்களைக் கடித்துக்கொண்டு வந்தாள். முதலாவதாகத்தான் வந்தாள். கூட்டம் கத்தியது. நான் வாட்சுகளைப் பார்க்கத் திரும்பினேன்.

நித்யா நீட்டினாள். பதின்மூன்று ஆறு.

சதீஷ் உடனே நீட்டவில்லை. வாட்ச் அவன் உள்ளங்கையில் இருந்தது. அவன் அதைப் பார்த்தான், கோட்டுக்கு அப்பால் முழங்காலில் கை ஊன்றி நின்ற பெண்ணைப் பார்த்தான். அவன் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் மனதிலும் அதுதான் ஓடியது. அவள் இழந்ததைத் திருப்பிக் கொடுக்க அவன் வாட்சில் அழிக்கும் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அமுக்கிவிட்டு வாயால் ஒரு நல்ல எண்ணைச் சொல்லலாம். காலையில் அவ்வளவு சுலபமாகச் செய்தவன்தானே?

அவன் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். நீட்டினான். பதின்மூன்று ஆறு.

பெரிய சாருடையது பதின்மூன்று எட்டு. அதை அவரே சத்தமாகச் சொன்னார். யாருடைய முகமும் வாடவில்லை, வானமும் இடிந்து விழவில்லை.

காலையில் பொய்யாகச் சொன்ன அதே எண்ணை இப்போது உண்மையாக எழுதினேன்.

சீஃப் கெஸ்ட் வந்தார். மகேஸ்வரிக்குத் தங்க மெடல் போட்டார். அவள் அம்மா கைதட்டிக்கொண்டே இருந்தார். மெடல் இருக்கிறதே, விடுதி கிடைத்துவிடும் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இல்லை என்பதை மகள்தான் மேடைக்குப் பின்னால் அவருக்கு விளக்கினாள். மாநிலப் போட்டி நடப்பதற்கு முன்பே விடுதிக்கான தேர்வு முடிந்துவிடும். அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "வாரோமுங்க மிஸ்ஸு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கும்பிட்டார்.

நான் எழுதியது சரி என்று எனக்குத் தெரியும். சரியாக எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் அவர்கள் வாட்ச் பிடித்ததில்லை. அந்த நாலு என் காதில் இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. வீட்டில் உட்கார முடியாமல் நான் நடப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அவர்கள் கேட்டைத் தாண்டும் முன் சதீஷ் ஓடிப்போய் நிறுத்தினான். நானும் பின்னால் போனேன். "என்னால தானுங்க... மன்னிச்சுக்கோ கண்ணு" என்று அம்மாவிடம் பாதியும் மகளிடம் பாதியுமாகச் சொன்னான். அவள் அவனைப் பார்த்தாள். கோபம் இருந்தது. ஆனாலும் ஆசிரியர் முன்னால் நிற்கிறோம் என்று கழுத்தில் கிடந்த மெடலைச் சரிசெய்துகொண்டு மரியாதையாகத்தான் பேசினாள்.

"பரவால்லீங்க சார். அடுத்த வருசம் வாரேனுங்க. அப்ப அழிச்சுப்போடாதீங்க."

பஸ்ஸைப் பிடிக்க இருவரும் ஓடினார்கள். அவள் சொன்ன அடுத்த வருடம் இதுதான். நான் அங்கே இருக்க மாட்டேன். நீங்கள் இருப்பீர்கள்.